சிப்பித்துறையைத் தூக்கிய இரண்டு வால்வுகள்

உப்பளங்களுக்கும் கடலுக்கும் நடுவே சிப்பித்துறை என்றோர் ஊர் உண்டு. அந்த ஊரில் பெனடிக்டா தன் கிதாரை ஆம்ப்ளிஃபையரோடு இணைத்து முதல் சுரத்தை மீட்டினாள் என்றால், கேட்டுக்கொண்டிருக்கும் அத்தனை பேரும் தரையை விட்டு இரண்டு முழம் மேலெழும்புவார்கள், பாட்டு முடியும்வரை அந்தரத்திலேயே நிற்பார்கள், கடைசிச் சுரம் தேய்ந்து அடங்க அடங்க மெல்ல இறங்கி, அவரவர் கழற்றிவிட்ட செருப்புக்குள் அவரவர் காலை நுழைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். ஏன் எழும்புகிறோம் என்று அங்கே எவரும் கேட்டதில்லை. எழும்பும்போது சேலையை எப்படிப் பிடித்துக்கொள்வது, இறங்கும்போது குழம்புச் சட்டியை எந்தக் கையில் வைத்துக்கொள்வது என்பவையே அவர்களுடைய கேள்விகளாக இருந்தன. அவற்றுக்கு அவர்கள் விரைவிலேயே விடை கண்டார்கள்.

பெண்கள் சேலையின் அடிக்கரையில், வலையைக் கடலுக்குள் அமிழ்த்தும் ஈயக்குண்டுகளை வரிசையாகக் கோத்துத் தைத்துக்கொண்டார்கள். பரணில் கைக்கெட்டாமல் கிடக்கும் பாத்திரங்களை எடுக்கும் வேலையை ஒத்திகை நேரத்துக்கென்று ஒதுக்கிவைத்தார்கள். நியாயவிலைக் கடைக்காரர் முதல் சுரம் கேட்டதுமே தராசைத் துணிபோட்டு மூடினார். மூட்டுவலிக்காரர்கள் மருந்துச்சீட்டைப்போலப் பாட்டைக் கேட்டு வாங்கினார்கள். இடுப்புக்கு வேகமான பாட்டு, முழங்காலுக்கு மெதுவான பாட்டு. நாய்கள் முதலில் குரைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு அந்தரத்திலேயே சுருண்டு உறங்கப் பழகின. கோழிகள் மட்டும், இத்தனை காலமாகத் தாங்கள் செய்துவந்த முயற்சி இன்றுதான் பலித்தது என்று ஒவ்வொரு முறையும் நம்பி, ஒவ்வொரு முறையும் இறங்கி, சற்று நேரம் யாருடனும் ஒட்டாமல் ஒதுங்கி நின்றன. பங்குச்சாமி கேட்ட ஒரே கேள்வி, இறங்கும்போது யாருக்காவது அடிபடுமா என்பதுதான். படாது என்று தெரிந்ததும், திருப்பலி நேரத்தில் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கம்பு எட்டாத கோயில் முகட்டில் ஒட்டடை அடிப்பதற்காக நீளமான பாட்டாக ஒன்றை வாசிக்கச் சொன்னார்.

துறைமுகத்து மாலுமிகள் விடுதி மூடப்பட்டபோது, கேட்பாரற்றுக் கிடந்து கோயில் பாடற்குழுவுக்கு வந்துசேர்ந்த பழைய பெட்டி அந்த ஆம்ப்ளிஃபையர். அதன் முதுகுப்புறத்தில் இரண்டு பெரிய கண்ணாடி வால்வுகள் அருகருகே நின்று, ஊதிவிட்ட தணலைப்போல் ஒளிரும். கிதாரின் ஒலியை இரண்டு பாதியாகப் பகிர்ந்துகொண்டு, ஒன்று தள்ள மற்றது இழுக்க, மரம் அறுப்பவர் இருவரைப்போல அவை வேலை செய்யும். பெனடிக்டா வாரநாள்களில் அரசு மருத்துவமனையின் இரத்த வங்கியில் ஆய்வுக்கூடப் பணியாளர்; குழாய்களை நிறம் பார்த்து அடுக்குவதும், பெயர்ச்சீட்டை இருமுறை படிப்பதும், கைகழுவாமல் எதையும் தொடாதிருப்பதும் அவளுக்கு இயல்பாகிவிட்டிருந்தன. அதே ஒழுங்கோடு அவள் வால்வுகளையும் பேணினாள்: கண்ணாடியைப் பென்சிலால் மெல்லத் தட்டி உள்ளே ஏதாவது கலகலக்கிறதா என்று கேட்பாள், உச்சியிலுள்ள வெள்ளிப்பூச்சு கருமையாக இருக்கிறதா என்று பார்ப்பாள், சூடு ஆறுமுன் துடைக்கமாட்டாள்.

அவளுடைய அண்ணன் கிளமெண்டுக்கு அந்த ஆம்ப்ளிஃபையர் இன்னும் நெருக்கமான பொருள். சங்கு குளிக்கப் போனவன் அவன். ஒருநாள் ஆழத்திலிருந்து அவசரமாக மேலேறியதில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்து, அன்றுமுதல் சக்கர நாற்காலியில் வலம்வந்தான். ஆனால் அந்தரத்தில் காலுக்கு வேலையில்லை. முதன்முறை ஊர் மேலெழும்பிய மாலையில், மல்லாந்து விழுந்த கரப்பான்பூச்சிகளைப்போல எல்லாரும் கைகால்களை உதறிக்கொண்டிருந்தபோது, கிளமெண்ட் நாற்காலியிலிருந்து வழுக்கி வெளியேறி, இரு கைகளாலும் காற்றைப் பின்னுக்குத் தள்ளி, கொடிமரத்தைச் சுற்றி வட்டமடித்து வந்தான்.

"காலை ஆட்டாதீங்கலே! இங்க காலு சும்மா வாலு மாதிரி. கையப் பாருங்க, கைய!" என்று அவன் கத்திக்கொண்டே போனான். அப்படிப் போகும் வழியில்தான், தலைகீழாகத் திரும்பி, சேலையை ஒரு கையாலும் மீன்கூடையை மறு கையாலும் பிடித்துக்கொண்டு தவித்த ரொசாலியை அவன் கண்டான். தோளைப் பற்றி நேராகத் திருப்பிவிட்டான்.

"கைய விடுங்க," என்றாள் ரொசாலி. அடுத்த கணமே கீழே பார்த்துவிட்டு, "இல்ல, இல்ல, விட்டுறாதீங்க," என்றாள்.

அவன் விடவில்லை, கோயில் திருவிழாவுக்கு அடுத்த திங்கட்கிழமை இருவருக்கும் திருமணம் என்று முடிவாயிற்று. கிளமெண்ட் கேட்டது ஒன்றே ஒன்று: கோயிலுக்குள் நாற்காலியில் வருவான், மாலையில் மணமக்கள் ஊர்வலம் இரண்டு தெருக்களையும் சுற்றும்போது, நாற்காலியை விட்டுவிட்டு, அந்தரத்தில், அவள் கையைப் பிடித்துக்கொண்டு வருவான்.

"நாற்காலியில வந்தாத்தான் என்ன? நான் தள்ளிக்கிட்டு வாரேன்," என்றாள் ரொசாலி.

"தள்ளிக்கிட்டு வர ஆளு எனக்கு நெறைய இருக்கு ரொசாலி. கூட வர ஆளுதான் வேணும்."

இந்தப் பேச்சு நடந்த வாரத்திலேயே, ஒத்திகையின் நடுவில், ஒரு வால்வின் உச்சி பால்போல் வெளுத்தது. கண்ணாடியில் மயிரிழை விரிசல் விழுந்து உள்ளே காற்று புகுந்துவிட்டிருந்தது. மற்றொன்று தனியாகச் சுமை தாங்கமாட்டாமல் செக்கச்சிவந்து, முனகி, அணைந்தது. ஊர் அந்தரத்திலிருந்து சற்றே அவசரமாக இறங்கியது. குழம்புச் சட்டிகள் சில உடைந்தன.

இங்கே சிப்பித்துறையின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஊரில் வடக்குத் தெரு, தெற்குத் தெரு என்று இரண்டே தெருக்கள். கோயிலுக்கு எது செய்தாலும் ஆளுக்குப் பாதியாகத்தான் செய்வார்கள். கொடிமரத்துக்குக் கொடி ஒரு தெரு, கயிறு ஒரு தெரு. சப்பரத்தின் இடத்தண்டு ஒரு தெருவின் தோளில், வலத்தண்டு மறு தெருவின் தோளில். கோயில் வாசலின் இரட்டைக் கதவில் ஒன்றுக்கு வடக்குத் தெரு நீலம் பூச, தங்கள் நீலம் அதைவிடத் துலக்கமாக இருக்க வேண்டுமென்று தெற்குத் தெரு வேறொரு நீலம் பூச, வெளியூரிலிருந்து வருபவர்கள் கதவைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

ஆகவே வால்வுப் பேச்சு நெடுநேரம் நீடிக்கவில்லை. "வால்வு ரெண்டு, தெரு ரெண்டு. இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் வடக்குத் தெருவின் தலைவரும் ஐஸ் கம்பெனி உரிமையாளருமான மரியானுஸ் மச்சாது.

"எங்க தெரு வால்வு உங்க தெரு வால்வுக்குக் கொறஞ்சதா இருக்காது, அதை மட்டும் மனசுல வச்சிக்கிடுங்க அண்ணாச்சி," என்றாள் பிரகாசியம்மாள். மீன் ஏலம் எடுப்பவள். தெற்குத் தெருவின் சொல்லும் அவளே, ரொசாலியின் தாயும் அவளே.

"இந்தத் தடவை மட்டும் ரெண்டையும் பொதுவுல வாங்கிருவோமே," என்று பங்குச்சாமி மெல்லச் சொல்லிப்பார்த்தார்.

"பொதுன்னா யாரோடது சாமி?" என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள். அவர்கள் ஒரே குரலில் பேசியது அந்த ஆண்டில் அதுவே முதல் முறை என்பதால் சாமி வாயை மூடிக்கொண்டார். பெனடிக்டாவும் மறுத்துப் பேசவில்லை. கொண்டுவரும் வால்வு ஒவ்வொன்றையும் சோதித்து, பழுதில்லாததையே பொருத்துவேன் என்றாள். அதற்குமேல் கேட்க என்ன இருக்கிறது என்றே அவளும் நினைத்தாள்.

தெற்குத் தெரு, உடைப்பதற்காகக் கரையேற்றிய பழைய கப்பலின் வானொலி அறையிலிருந்து ஒரே பெட்டியில் இருந்த இரண்டு வால்வுகளைக் கொண்டுவந்தது. ஒன்று பொருத்த, ஒன்று கைவசம். வடக்குத் தெருவின் வால்வு துபாயிலிருந்து, மச்சாதுவின் மைத்துனர் பெட்டிக்குள் கம்பளியும் பஞ்சும் சுற்றிக்கொண்டு வந்தது. பெனடிக்டா தட்டிப்பார்த்தாள், உச்சியைப் பார்த்தாள், மீட்டரை வைத்து ஒவ்வொன்றும் இழுக்கும் மின்னோட்டத்தை அளந்தாள், எல்லாமே பழுதற்றவை. பொருத்தி, சூடாகவிட்டு, மீட்டினாள்.

வடக்குத் தெருக்காரர்கள் சன்னல் மேல்விளிம்பு வரை எழும்பினார்கள். தெற்குத் தெருக்காரர்கள் நான்கு விரல் எழும்பி நின்றுவிட்டார்கள்.

எந்தத் தெரு கொடுத்த வால்வோ, அது அந்தத் தெருவில் பிறந்தவர்களைத்தான் தூக்கும் என்பது அப்போதுதான் விளங்கிற்று. எவரும் வியக்கவில்லை, வியக்க நேரமும் இல்லை, ஏனெனில் கூட்டத்தில் கலந்து நின்ற தெற்குத் தெருக்காரர்களின் மூக்குக்கு நேரே வடக்குத் தெருக்காரர்களின் பாதங்கள் தொங்கின.

"மச்சாது அண்ணாச்சி, குதிகாலு வெடிச்சிருக்கு பாருங்க. ஐஸ் கம்பெனியில வெறுங்காலோட நிக்காதீங்கன்னு சொன்னா யாரு கேக்கா?" என்று கீழிருந்து பிரகாசியம்மாள் கூவினாள். சொல்லிச் சிரித்தாளே தவிர, மறுவாரமே அவள் தங்கமுலாம் பூசிய கால்களையுடைய புது வால்வு ஒன்றை வரவழைத்தாள். அதைப் பொருத்தியதும் தெற்குத் தெரு மொட்டைமாடி உயரத்துக்குப் போயிற்று. இப்போது வடக்குத் தெரு அண்ணாந்து பார்த்தது. மச்சாது அதைவிடப் பருத்த வால்வொன்றைக் கொண்டுவந்தார். பிரகாசியம்மாள் அதைவிட நீண்ட ஒன்றை. ஒவ்வொன்றும் விலைமதிப்புள்ளது, ஒவ்வொன்றும் பழுதற்றது, ஒவ்வொன்றும் மாணிக்கம்போல் ஒளிர்ந்தது. எந்த இரண்டும் ஒரே உயரத்துக்குத் தூக்கவில்லை.

ஊர், தன் இயல்புப்படி, இதற்கும் பழகத் தொடங்கியது. கீழே இருப்பவர் மேலே இருப்பவரிடம் செய்தி சொல்லத் தூண்டில் கழியில் கூடை கட்டினார்கள். வெளியூர் விருந்தாளிகள் எந்தத் தெருவில் சாப்பிட்டார்களோ அந்தத் தெருவின் உயரத்துக்கு எழும்பினார்கள் என்பதால், அன்றைக்கு உயரமான தெரு எது என்று விசாரித்துவிட்டே கைகழுவினார்கள். இரண்டு தெருக்களிலும் மாறி மாறிச் சாப்பிட்டுவந்த பங்குச்சாமி, ஒரு தோள் ஏறியும் ஒரு தோள் தாழ்ந்தும் சாய்ந்து தொங்கினார். அந்நிலையிலேயே செபமாலை சொல்லவும் கற்றுக்கொண்டார்.

பழகாதவன் கிளமெண்ட் ஒருவனே. அவன் வடக்குத் தெருவில் பிறந்தவன். ரொசாலி தெற்குத் தெருவில் பிறந்தவள். திருவிழாவுக்கு முந்தைய ஒத்திகையில் அவள் பனையோலைக் கூரைக்கு மேலே நின்றாள், அவன் கிணற்றுச் சுவருக்கும் கீழே நின்றான்.

"இன்னும் கொஞ்சம் கைய நீட்டுங்க!" என்று ரொசாலி குனிந்து கத்தினாள்.

"நீட்டுறதுக்கு நான் என்ன தூண்டிலா?" என்று கத்திய கிளமெண்ட், நீட்டத்தான் செய்தான். ஆழ்கடலில் இருந்து மேலேறுபவனைப்போலக் கைகளை வீசி வீசிப் பார்த்தான். வால்வு விதித்த உயரத்தை விட்டு அவனால் ஓர் அங்குலமும் ஏற முடியவில்லை. அவளும் இறங்கிப் பார்த்தாள். ஈயக்குண்டுகளை இரட்டை வரிசையாகத் தைத்துக்கொண்டும் இறங்க முடியவில்லை. இருவர் விரல்களுக்கும் நடுவே ஒரு காகம் சாவகாசமாகப் பறந்து போயிற்று.

"தாலி ஏறிட்டா அவளும் வடக்குத் தெருதானே? சரியாப் போயிரும்," என்றார் மச்சாது.

"தாலி ஏறினா நான் பொறந்த வீடு எடம் மாறிருமா பெரியப்பா?" என்று மேலிருந்து ரொசாலி கேட்டாள். மாறாது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

பாட்டு முடிந்து நாற்காலிக்குள் இறங்கிய கிளமெண்ட், தங்கையைப் பார்த்து, கேலி பேசும் அதே குரலில், "நாற்காலிச் சக்கரத்துக்கு எண்ணெய் போட்டு வை பெனி. ஊர்வலத்துக்கு அதுலயே வந்துக்கிடுதேன்," என்றான். அவன் அழுதிருந்தால் பெனடிக்டா தேற்றியிருப்பாள். எண்ணெய் கேட்டவனுக்கு அவள் எண்ணெய் போட்டுக்கொடுத்தாள்.

மறுநாள் இரத்த வங்கியில், மனைவியின் பேறுகாலத்துக்கென வந்த லாரி ஓட்டுநர் ஒருவர், சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவள் மேசைமுன் நின்றார். "என் ரத்தத்தையே எடுத்து அவளுக்கு ஏத்துங்க மேடம். பீடி தொட்டதில்ல, சாராயம் தொட்டதில்ல, தெனம் ரெண்டு முட்டை. இதைவிட நல்ல ரத்தம் இந்த மாவட்டத்துலயே கெடைக்காது."

"நல்ல ரத்தந்தான் அண்ணே, யாரு இல்லைன்னா? ஆனா தனியா நல்லா இருந்தாப் போதாது. அவங்க ரத்தத்தோட சேத்து வச்சிப் பாக்கணும், அது ரெண்டும்..."

பெனடிக்டா பேச்சை நிறுத்தினாள். கையிலிருந்த குழாயைத் தாங்கியில் வைத்தாள். ஓட்டுநர், தம் இரத்தத்தில் ஏதோ குறை கண்டுவிட்டாளோ என்று அஞ்சி, முட்டையின் எண்ணிக்கையை மூன்றாக உயர்த்தினார். அவருக்கு விளக்கம் சொல்லி, இரத்தத்தைப் பரிசோதித்து, அவர் மனைவிக்குப் பொருந்தும் பையை எடுத்துக்கொடுத்து, பெயர்ச்சீட்டை இருமுறை படித்து, கைகழுவி, அதன்பிறகே அவள் விடுப்புக் கேட்டாள். பேருந்தில் வரும் வழியெல்லாம் தன்னையே நொந்துகொண்டாள்: இத்தனை வாரமாக ஒவ்வொரு வால்வையும் தனித்தனியே நிறுத்தி, நீ நல்லவனா என்று கேட்டிருக்கிறாளே தவிர, நீங்கள் இருவரும் ஒத்துப்போவீர்களா என்று இரண்டு வால்வுகளை ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

அன்று மாலை, தெருக்கள் வாங்கிக் குவித்த வால்வுகள் அனைத்தையும் பாடற்குழு அறையில் வரிசையாக நிறுத்தினாள். உள்ளே பாயும் மின்சாரம் ஆளைக் கொல்லக்கூடியது என்பதால், இடக்கையை முதுகுக்குப் பின்னே மடக்கிக்கொண்டு, வலக்கையால் மட்டும் மீட்டரைப் பிடித்து, ஒரே மின்னழுத்தத்தில் எது எவ்வளவு இழுக்கிறது என்று ஒன்றோடொன்றை ஒப்பிட்டாள். துபாய் வால்வு வேகமாக இழுத்தது; தங்கக்கால் வால்வு அதைவிட வேகமாக இழுத்தது; பருத்தது திமிறியது; நீண்டது இழுத்து இழுத்து இளைப்பாறியது. வடக்குத் தெரு வால்வு ஒன்றும் தெற்குத் தெரு வால்வு ஒன்றும் ஒத்துவராதா என்று அவள் எல்லா விதமாகவும் சேர்த்துப் பார்த்தாள், வரவில்லை. கடைசியில், முதலில் வந்து முதலில் ஒதுக்கப்பட்ட கப்பல் வால்வுகள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். மீட்டரின் முள் ஒன்றுக்கு எங்கே நின்றதோ, மயிரிழை பிசகாமல் மற்றதற்கும் அங்கேயே நின்றது. சேர்த்துப் பொருத்தி மீட்டியபோது, பெட்டியின் அடித்தொண்டையில் இதுவரை இருந்துவந்த முனகல் நின்று, ஒலி கழுவிவிட்ட கண்ணாடிபோல் தெளிந்து வெளிவந்தது.

வாசலில் நின்று கேட்ட தெற்குத் தெருக்காரர்கள் சீராக மேலெழும்பினார்கள். வடக்குத் தெருக்காரர்கள் மண்ணிலேயே நின்றார்கள். இரண்டும் தெற்குத் தெருவின் வால்வுகள் அல்லவா.

"ஒண்ணை எங்களுக்கு விட்டுத்தாங்கன்னு நான் போய்க் கேக்கணுமாக்கும்?" என்று மச்சாது கொதித்தார். "வடக்குத் தெரு இதுவரைக்கும் யாருகிட்டயும் கையேந்தினதில்ல. தரையிலயே நின்னுக்கிடுதோம்!"

"யாரு உங்களக் கையேந்தச் சொன்னா? சும்மா தாரேன்னு நானும் சொல்லலையே," என்றாள் பிரகாசியம்மாள். கொடுக்க அவளுக்கு மனமில்லாமல் இல்லை. ஆனால் கொடுத்தால் அவர் வாங்கமாட்டார், அவர் வாங்காத ஒன்றை நீட்டிக்கொண்டு நிற்க அவளாலும் முடியாது. திங்கட்கிழமைக்கு நாள் நெருங்கிவிட்டிருந்தது. பங்குச்சாமி இருவரையும் மாறி மாறிப் பார்த்து, பழக்கத்தால் ஒரு பக்கம் சாய்ந்தார்.

அப்போது ரொசாலி, கூட்டத்தின் பின்னாலிருந்து, தான் கேட்பது மிகச் சிறிய சந்தேகம் என்பதுபோலக் கேட்டாள்: "அம்மா, எனக்குச் சீர்வரிசை என்ன வைக்கப்போற?"

"இப்ப அதையாட்டி கேக்க? பாத்திரம், பண்டம், கட்டிலு..."

"கட்டிலு வேண்டாம். ஒரு வால்வு வை."

சீர் என்பது தானம் அன்று. அது பெண்வீட்டார் தட்டில் வைத்து, மாலைபோட்டு, மாப்பிள்ளையின் தெருவுக்கு நடந்து வந்து, வாங்கிக்கொள்ளுங்கள் என்று கேட்டுக் கொடுப்பது. வாங்குபவர் தலை நிமிர்ந்திருக்கும். கொடுப்பவர் தலையும் நிமிர்ந்திருக்கும். வாங்கிய நொடி முதல் பொருள் வாங்கிய தெருவினுடையது. சீரை மறுக்கும் வழக்கம் சிப்பித்துறையில் கிடையாது; மறுத்தால் அது பெண்ணையே மறுத்ததாகிவிடும்.

மச்சாது தொண்டையைச் செருமினார். "சீருன்னு வந்தா, அது வேற," என்றார்.

"சீருன்னு வந்தா, நாங்க கொறை வைக்கமாட்டோம்," என்றாள் பிரகாசியம்மாள்.

"அப்ப எண்ணெய வீணாப் போட்டுட்டியே பெனி," என்றான் கிளமெண்ட். அவன் முகத்தை மறுபுறம் திருப்பிக்கொண்டதை ரொசாலி மட்டுமே பார்த்தாள்.

திங்கட்கிழமை காலையில் கோயிலில் தாலி ஏறியது. பிற்பகலில் தெற்குத் தெருப் பெண்கள் தட்டுகளோடு புறப்பட்டார்கள்: வாழைப்பழம் ஒரு தட்டில், வெற்றிலைபாக்கு ஒரு தட்டில், கற்கண்டு ஒரு தட்டில், மல்லிகை ஒரு தட்டில், நடுவில், பட்டுத்துணி விரித்த வெள்ளித்தட்டில், குளித்து மைதீட்டிய குழந்தையைப்போல ஒரு வால்வு. வெயில் படாமல் அதற்கு ஒருத்தி குடைபிடித்தாள். வடக்குத் தெரு எல்லையில் மச்சாது கஞ்சிபோட்ட வேட்டி மொரமொரக்க நின்று, இரு கைகளாலும் தட்டை வாங்கி, நெற்றிக்கு நேரே உயர்த்தினார். பிறகு, பதில்மரியாதை செய்யாவிட்டால் தெருவின் பெயர் என்னாவது என்று, தம் கம்பெனியில் தனியாக உறையவைத்திருந்த ஐஸ் பாளத்தைத் தள்ளுவண்டியில் வரவழைத்தார். கண்ணாடிபோன்ற அந்தப் பாளத்தின் நடுவே செவ்வரளியும் சாமந்தியும் இதழ் கலையாமல் பூத்திருந்தன.

"உருகிரும் அண்ணாச்சி," என்றாள் பிரகாசியம்மாள், குரல் சற்று இளகி.

"உருகட்டும் தாயி, நாளைக்கு வேற செய்வோம்," என்றார் அவர்.

வாங்கிய வால்வை வடக்குத் தெரு முறைப்படி கோயிலுக்குக் காணிக்கையாக்கியது. தெற்குத் தெரு தன்னுடையதைக் காணிக்கையாக்கியது. பெனடிக்டா கைகழுவி, துடைத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பொருத்தினாள். ஒத்திகை பார்க்க நேரமில்லை. வெயில் தாழ்ந்து கடற்கரைச் சாலை பொன்னிறமானபோது, கிளமெண்ட் நாற்காலியிலும் ரொசாலி அதன் பக்கத்திலுமாக ஊர்வலத்தின் முன்னால் நிற்க, பெனடிக்டா முதல் சுரத்தை மீட்டினாள்.

தெற்குத் தெரு எழும்பியது. வடக்குத் தெரு எழும்பவில்லை. ரொசாலியின் சேலைக்கரை கணவனின் தோளைக் கடந்து மேலே போயிற்று, அவள் "ஐயோ!" என்று கையை நீட்ட, அவன் அண்ணாந்து பார்க்க, மச்சாது தம் கால்களை நோக்கி, "எழும்புங்கலே!" என்று அதட்ட, இடப்பக்கத்து வால்வு, புது வீட்டில் யாரைப் பார்த்து முதலில் சிரிப்பது என்று தயங்கும் மருமகளைப்போல ஒரு கணம் மங்கி, பிறகு தன் இணையைப் போலவே நிறைவாக ஒளிர்ந்தது. வடக்குத் தெரு முழுவதும் ஒரே மூச்சாக மேலெழும்பியது. சன்ஷேடு உயரத்தில் இரண்டு தெருக்களும் ஒன்றையொன்று எட்டிப்பிடித்து, தோளுக்குத் தோள், பாதத்துக்குப் பாதம், நீர்மட்டம் வைத்துப் பார்த்தாலும் குறைசொல்ல முடியாத சமத்தில் நின்றன. பங்குச்சாமி நேரானார்.

நாற்காலியோடு மேலேறிவிட்ட கிளமெண்ட், அதிலிருந்து வழுக்கி வெளியேறி, மச்சாது வீட்டுச் சன்ஷேடின்மேல் அதை நிறுத்திவைத்து, ரொசாலியின் கையைப் பிடித்தான். ஊர்வலம் புறப்பட்டது. பெட்டியையும் ஜெனரேட்டரையும் வைத்த வண்டியை இளைஞர்கள் மேலிருந்து கயிறுகட்டி இழுக்க, பெனடிக்டா அதற்கு மேலே மிதந்தபடி வாசித்துக்கொண்டே வந்தாள். மணமக்களுக்குப் பின்னால் இரண்டு தெருக்களும் கைவீசி நீந்தின. ஈயக்குண்டுகள் கிணுகிணுத்தன, மல்லிகை உதிர்ந்து உதிராமல் அந்தரத்திலேயே சுழன்றது, கோழிகள் இன்றைக்கு உறுதியாகப் பறந்துவிட்டோம் என்று கொக்கரித்தன. தெருவில் போகும் எந்தக் கணவனையும் போல மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரர்களைப் பார்த்துத் தலையசைத்துக்கொண்டு, கிளமெண்ட் சாதாரணமாக வந்தான்.

இரண்டு தெருக்களையும் சுற்றி முடித்து, கடற்கரை மணலில் பாட்டு அடங்கியது. ஊர் மெல்ல இறங்கியது. வால்வுகள் இளைப்பாறட்டும் என்று பெனடிக்டா பெட்டியை அணைத்தாள். அணைத்த பிறகுதான், மாப்பிள்ளை பட்டுவேட்டியோடு மணலில் அமர்ந்திருப்பதையும், அவனுடைய நாற்காலி மச்சாது வீட்டுச் சன்ஷேடின்மேல் கடலைப் பார்த்தபடி நிற்பதையும் எல்லாரும் கண்டார்கள்.

"ஏணியக் கொண்டாங்கலே!" என்று மச்சாது பதறி ஓடினார்.

"ஏணி எதுக்கு பெரியப்பா? இன்னொரு பாட்டுப் போடச் சொல்லுங்க," என்றாள் ரொசாலி. சொல்லிவிட்டு, கல்யாணச் சேலை அழுக்காகுமே என்று தாய் அலறுவதைப் பொருட்படுத்தாமல், கணவனின் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள்.

அலறிய பிரகாசியம்மாள், பிறகு, முனகிக்கொண்டே மகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஓடிய மச்சாது திரும்பிவந்து, கஞ்சிபோட்ட வேட்டி மடங்க மறுத்ததால் இரண்டு முயற்சிக்குப் பிறகு, மாப்பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்தார். பங்குச்சாமி உட்கார்ந்தார். அவர்களைப் பார்த்து வடக்குத் தெருவும் தெற்குத் தெருவும், யார் எந்தத் தெரு என்று பாராமல், கிடைத்த இடத்தில் உட்கார்ந்தன. பெனடிக்டா சுவிட்சைப் போட்டாள். வால்வு சூடாகும்வரை காத்திருக்க வேண்டும், ஊரும் காத்திருந்தது. கண்ணாடிக்குள் இரண்டு தணல்களும் ஒன்றுபோல் சிவந்து, ஒன்றுபோல் தெளிந்ததும் அவள் மீட்டினாள்; கிளமெண்ட் எப்படி உட்கார்ந்திருந்தானோ அப்படியே, ஒருவர்கூட எழுந்து நிற்காமல், சப்பணமிட்டபடியே சிப்பித்துறை மேலே போயிற்று.